என் கடைச் சுவரும் மூன்று கம்பனியும்

திருகோணமலை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். தைப்பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். மறக்கவில்லை. கடை லாச்சிக்கு மேலேயே கிடந்தது. அவசரத்துக்கு யாரோ அதன் பின்பக்கத்தில் ரீலோட் நம்பர் வேறு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் கையெழுத்துக்கு அந்த மரியாதை போதும்.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான். கன்னியா வெந்நீரில் குளித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் நம்புகிறார். மொட்டை பேரப்பிள்ளை கண்டுவிட்டான். இனிமேல் அவனை மொட்டை என்று கூப்பிடக் கூடாதாம். மாஸ்டர் பென்சன் எடுத்தபிறகு காலையில் என் கடைக்கு வந்து பத்திரிகை முழுவதையும் வாசித்து, அரசாங்கத்தைத் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். ஊர்ப் புதினம் இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து உன் ஜியோ புராணத்தைத் தொடங்கிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

போன கிழமை இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் கடைச் சுவரை அளவு நாடா பிடித்து அளந்தார்கள். கேட்டால், ஒரு போன் கம்பனியின் ஆட்கள். எந்தக் கம்பனி என்று நீ கேட்காதே, நானும் எழுதமாட்டேன். முன்சுவர் முழுக்க அவர்களுடைய நிறத்தில் பெயின்ட், மேலே லைட் போட்ட பெயர்ப் பலகை, எல்லாம் இலவசம். மற்றக் கம்பனிகளின் சிம்மை விற்கலாம், ரீலோட் போடலாம். ஆனால் அந்த மற்றவர்களுடைய போஸ்டர் எதுவும் வெளியில் தெரியக் கூடாது. வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். 'இப்போது ஒரு வாளி பெயின்ட் என்ன விலை என்று தெரியுமா?' என்கிறாள். தெரியும். இருந்தும் எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்து யோசித்துத்தான் நித்திரை போய்விட்டது.

2009ஐ நினைத்துப் பார். ஜனவரியில் எயார்டெல் இங்கே கடை விரித்தது, மே மாதம் சண்டை முடிந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடம் கம்பனிக்காரர் இந்தச் சுவருக்காகவே அடிபட்டார்கள். ஒருவர் அடித்த பெயின்ட் காயமுன் அடுத்தவர் வந்து நிற்பார். குடை தருவார்கள், கதிரை தருவார்கள், சிம்மைச் சும்மா தருவார்கள். போன மாரியில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பூச்சு உரிந்து விழுந்தது. பார்த்தால் மேலே சிவப்பு, அதற்குக் கீழே எதிசலாத்தின் பச்சை, அதற்கும் கீழே டிகோவின் நீலம். மாஸ்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, 'இது தொல்பொருள் திணைக்களம் பார்க்கவேண்டிய சுவர்' என்றார்.

அந்த நீலமும் பச்சையும் ஒரே கம்பனிதான், உனக்கு ஞாபகமா? 1989இல் செல்டெல் என்று தொடங்கியது. தெற்காசியாவிலேயே முதல் கைத்தொலைபேசிச் சேவை அதுதான் என்று சொன்னால் உன் திருச்சி நண்பர்கள் நம்பமாட்டார்கள், சொல்லிப் பார். பிறகு டிகோ ஆனது, பிறகு எதிசலாத் ஆனது, 2018 நவம்பரில் ஹட்சோடு சேர்ந்து பெயரே இல்லாமல் போனது. டயலொக், மொபிடெல், ஹட்ச், எயார்டெல் என்று ஐந்து நாலானது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குக்குள் போனது. பாரதி எயார்டெலுக்கு விலையாகக் கிடைத்தது டயலொக்கின் பங்குகளில் 10 வீதத்துக்குச் சற்று மேல். நாலு மூன்றானது. இருந்தவர்களுக்குள் ஏற்கெனவே பெரியவர் டயலொக்தான் என்பதையும் சேர்த்துப் பார்.

கடையில் ரீலோட் போடுவதற்குக் கம்பனிக்கு ஒன்றாக பட்டன் போன்களை வரிசையாக வைத்திருந்தேன், முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி. வரிசை குறைந்துகொண்டு வருகிறது. குறைவது எனக்கு வசதி என்றுதான் முதலில் நினைத்தேன், ஆளுக்கொரு கொமிஷன் கணக்குப் பார்க்கும் தலையிடி இல்லை. ஆனால் ஐந்து பேர் இருந்தபோது என்னிடம் கெஞ்சினார்கள். இப்போது சுவரை அளந்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

சரி, நியாயத்தையும் சொல்லவேண்டும். கம்பனிகளின் அந்தச் சண்டைக் காலத்து விலையில் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது. 2009இல் டயலொக்குக்கே 12 பில்லியன் ரூபாய்க்கு மேல் நட்டம். கடைசியில் 2010இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தலையிட்டு, கோல் கட்டணத்தை இதற்குக் கீழே இறக்கக் கூடாது என்று அடிவிலை போட்டது. மலிவாக விற்றால் குற்றம் என்று அரசாங்கம் சொன்னதை நான் அன்றுதான் கண்டேன். மாஸ்டர் அதற்கு ஒரு கிழமை ஆத்திரப்பட்டார். ஆனால் யோசித்துப் பார், பெரியவன் தாங்குவான், சின்னவன் சாவான், பிறகு பெரியவன் விலையைக் கூட்டுவான் என்ற பயமும் அதில் இருந்தது. சின்னவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. 2022 செப்டெம்பரில் கட்டணம் 20 வீதம் கூடியபோது எல்லோருக்கும் ஒரே நாளில்தான் கூடியது. அது டொலர் இல்லாத வருடம், டீசலுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம், டவர் ஜெனரேட்டருக்கும் அதே டீசல்தான். அதனால் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பெறுமதி சேர் வரியை 18 வீதமாக்கியதற்கும் கம்பனியைத் திட்ட முடியாது.

ஆகவே ஐந்து கம்பனி வேண்டும் என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. என் கவலை வேறு. அதைத் திருக்கடலூர் அண்ணையின் கதையில் சொன்னால் உனக்கு விளங்கும்.

அண்ணை வந்து, 'தம்பி, எனக்குக் கம்பனி மாறவேணும்' என்றார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய போன் செத்துப்போகிறதாம். அதே வள்ளத்தில் இருக்கும் பொடியன் வேறு சிம்மில் வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டே வலை இழுக்கிறானாம். நான் புதுச் சிம் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. 'நம்பர்?' என்றார். வள்ளத்தின் இரண்டு பக்கமும் அந்த நம்பரை எழுதியிருக்கிறார், ஐஸ் பெட்டி மூடியிலும் எழுதியிருக்கிறார். கொழும்பு மீன் லொறிக்காரன் அதிகாலையில் அடிப்பது அந்த நம்பருக்கு. வங்கியில் இருந்து இரகசிய இலக்கம் வருவது அந்த நம்பருக்கு. கனடாவில் இருக்கும் மகள் பாடமாக வைத்திருப்பதும் அதைத்தான். இரண்டு சிம் போடலாமே என்றேன். 'போடலாம், வாற கோல் பழசுக்குத்தானே வரும்?' என்றார். பதில் இல்லை. அண்ணை அதே பழைய நம்பருக்கு ரீலோட் போட்டுக்கொண்டு போனார்.

இதுதான் மச்சான், என் தொண்டையில் நிற்கிறது. நம்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு கம்பனிக்குப் போகும் வசதி உங்கள் ஊரில் 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. பாகிஸ்தானில் அதற்கும் முதலே, 2007இல். பங்களாதேஷிலும் 2018இல் வந்தது. எல்லோருக்கும் முதல் போன் கண்ட நாங்கள் அதைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே வருடங்களைக் கடத்தினோம். நம்பரை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றால் கம்பனி மூன்று இருந்தாலும் முப்பது இருந்தாலும் அண்ணைக்கு ஒன்றுதான். பெரியவர் மேலும் பெரியவராவதும் இப்படித்தான். ஒரே கம்பனிக்குள் கதைத்தால் மலிவு என்று வைத்தார்கள். ஊரில் பாதிப்பேர் டயலொக்கின் 077 என்றால் மீதிப்பேரும் கடைக்கு வந்து 077தான் கேட்டார்கள். நானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லி விற்றிருக்கிறேன்.

மாஸ்டர் இன்னொன்று சொன்னார். 1987இல் வந்த நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில், கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்வதைப் பொதுநலக் கண்ணால் பரிசோதிக்க இடம் இருந்ததாம். 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அதன் இடத்துக்கு வந்தபோது அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டார்களாம். 'அரிசி விலை பார்க்க ஆள் வைத்தார்கள், கம்பனியைக் கம்பனி விழுங்குவதைப் பார்க்க ஆள் வைக்கவில்லை' என்று மேசையில் தட்டினார். என் தேத்தண்ணீர் கொட்டியது.

பட்டினத்துக்குள் இருக்கும் நாங்களாவது மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் உள்ள என் வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தெரிவே கிடையாது. வீட்டு முற்றத்தில் எந்தச் சிக்னல் விழுகிறதோ அதுதான் கம்பனி. ஒருவர் ரீலோட் கேட்கும்போது நான் வழக்கம்போல 'எந்தக் கம்பனி?' என்றேன். 'எங்கட பக்கம் வேறேதும் இருக்கோ?' என்று திருப்பிக் கேட்டார்.

ஒரு சிக்னல் போதும் என்றிருந்த காலமும் நமக்கு இருந்தது. 2006 ஆகஸ்ட்டில் சண்டைக்குப் பயந்து மூதூரில் இருந்து சனம் கந்தளாய்க்கு நடந்து வந்தபோது, உன் மாமியிடம் இருந்து மூன்று நாளாகத் தகவல் இல்லை. பிறகு தெரியாத நம்பர் ஒன்றில் இருந்து ஒரு மிஸ்ட் கோல். திருப்பி எடுத்தால், யாரோ ஒரு முஸ்லிம் பொடியன், 'உங்கட ஆள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறா, என்ட போனில் காசில்லை' என்றான். நீ அப்போது மண்டபம் அகதி முகாமில். உனக்கு அதைச் சொல்ல நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அன்று அது எந்தக் கம்பனி என்று நம்மில் ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது சுவருக்கும் கொமிஷனுக்கும் நான் கணக்குப் பார்ப்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் காசில்லாத போனில் மிஸ்ட் கோல் மட்டும் அடிக்கிற சனம் இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறது. அவர்களுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் பெரிது.

உன் ஜியோவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் சும்மா கொடுத்தார்கள், நீ ஊரெல்லாம் போன் எடுத்துப் பெருமை அடித்தாய். வோடபோனும் ஐடியாவும் ஒன்றானது, மற்றச் சின்னவர்கள் கடையை மூடினார்கள். 2024 ஜூலையில் ஒருவர் கட்டணத்தைக் கூட்ட மற்ற இருவரும் சேர்ந்து கூட்டியபோது உன் பெருமை எங்கே போனது? அதே ஜியோ 2024இல் எங்கள் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் அரசாங்கப் பங்கையும் கேட்டு வந்தது. புது அரசாங்கம் வந்து விற்பதில்லை என்று முடிவெடுத்தது. விற்றிருந்தால் டெலிகொம்முக்குச் சொந்தமான மொபிடெலும் சேர்ந்து போயிருக்கும். நல்லதா கெட்டதா என்று மாஸ்டரும் மொட்டையும் என் கடை வாசலிலேயே சண்டை. நான் மொட்டை பக்கம், ஆனால் மாஸ்டருக்குச் சொல்லாதே. 2025 ஜூலையில் செயற்கைக்கோளில் இருந்து இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்கும் வந்துவிட்டது. அந்த மாதக் கட்டணத்தை அண்ணையிடம் சொன்னால் வள்ளத்தை விற்கச் சொல்கிறாயா என்பார்.

பெயின்ட்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முன்சுவரை விட்டு, ஒழுங்கைப் பக்கச் சுவரை மட்டும் தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். வீட்டுக்காரி அதற்கும் முறைத்துப் பார்த்தாள்.

நீ போன வருடம் நம்பரை மாற்றாமல் கம்பனி மாறியதாக எழுதியிருந்தாய். எத்தனை நாள் போன் வேலை செய்யாமல் கிடந்தது? பழைய கம்பனிக்காரன் போன் எடுத்துக் கெஞ்சினானா, ஏதாவது தருகிறேன் என்றானா? வங்கி மெசேஜ் எல்லாம் ஒழுங்காக வந்ததா? விபரமாக எழுது. அண்ணையிடம் வாசித்துக் காட்டவேண்டும், மாஸ்டர் அதை ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பப் போகிறாராம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கட்டையன்

பி.கு: ரீலோட் கணக்கில் நீ தரவேண்டிய 200 ரூபாய் இன்னும் கொப்பியில் இருக்கிறது.