டெசிமேட் என்றால் பத்தில் ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலத்தில் ‘டெசிமேட்’ என்று வருவதைத் தமிழில் ‘அடியோடு அழித்தல்’ என எழுதுவது வழக்கமாகிவிட்டது. இன்றைய செய்திக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். ரோமானிய வரலாற்றை எழுதும்போது கணக்கே தவறிவிடும்.

லத்தீனில் ‘டெகெம்’ என்றால் பத்து. போர்க்களத்தில் ஒரு ரோமானியப் படைப்பிரிவு மொத்தமாகப் புறமுதுகு காட்டினால், எல்லோரையும் கொன்றால் படை மிஞ்சாது. விட்டுவிட்டால் கட்டுப்பாடு மிஞ்சாது. எனவே சீட்டுக் குலுக்கிச் சுமார் பத்தில் ஒருவரைப் பிரித்தார்கள். பிரிவின் அளவுக்கேற்ப இது 5, 8 அல்லது 20 பேர் என்று மாறும் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். சிக்கியவர்களைச் சக வீரர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை. கூடாரமும் பாசறை அரணுக்கு வெளியேதான். இதில் பெரிய அநியாயம், ஓடாமல் நின்றவன் பெயரும் குலுக்கலில் வரலாம் என்பதே.

வழக்கொழிந்திருந்த இத்தண்டனையை ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சியின்போது (கி.மு. 73-71) ரோமானியத் தளபதி கிராசஸ் மீண்டும் கொண்டுவந்தார். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் கணக்கு: முதலில் ஓடிய 500 பேர், பத்துப் பத்தாக 50 குழுக்கள், குழுவுக்கு ஒருவர் பலி.

இங்கிலாந்தில் 1655இல், மன்னராட்சியை வீழ்த்தி ஆண்ட கிராம்வெல்லின் அரசு, மன்னர் ஆதரவாளர்களின் நில வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடுங்கியது. அதற்கும் ‘டெசிமேஷன்’ என்றே பெயர். ‘பேரழிவு’ என்ற பொருள் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கத் தொடங்கிவிட்டது; அதைப் பிழை என்று சண்டையிடுவது வீண். பழைய ரோம் பற்றிய கட்டுரைகளில் மட்டும் ‘பத்தில் ஒருவரைக் கொல்லுதல்’ என்றே அச்சிடக் கோருகிறேன்.

— வாசகர், மதுரை