உரிய காலத்துக்குள் ஆட்சேபணை பெறப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் விதிகளுக்குள் சிக்கிக்கொண்ட மனிதர்கள் உயிர்பிழைக்கப் படும் பாட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் அறிவியல் புனைகதைகள் குறித்துத் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கட்டுரையாளர் இரண்டு கருத்துகளை வலியுறுத்துகிறார். பக்கத்துக்குப் பக்கம் பாத்திரத்துக்கு எஞ்சியுள்ள உயிர்ப் புள்ளி இவ்வளவு, வலிமை இவ்வளவு என்று எண்களை அடுக்கும் எழுத்து இலக்கியமாகாது என்பது ஒன்று. அவற்றைத் தமிழில் கொண்டுவர விரும்புவோர் அந்த நகைச்சுவையைக் கைவிட்டு, நம் திரைப்பட நகைச்சுவையின் பாணிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதோடு பாதி உடன்படுகிறேன். இரண்டாவதோடு எள்ளளவும் உடன்பட இயலவில்லை, அதன்பொருட்டே இக்கடிதம்.

நான் இவ்வகை நூல்களைத் தேடிச் சென்று படித்தவன் அல்லன். ஓசூரில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்குப் பாலக்கோடு வந்திருந்தபோது, கைப்பேசியில் எதையோ படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இதைப் படிச்சுப் பாருங்க, நீங்க ஆபீஸ்ல எழுதின லெட்டர் மாதிரியே இருக்கு" என்று நீட்டினாள். வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் எழுத்தராகவும் உதவியாளராகவும் இருந்து, நில எடுப்பு அறிவிக்கைகளும் விளக்கம் கோரும் குறிப்பாணைகளும் எழுதியே விரல் காய்த்தவன் என்ற முறையில், அவள் சொன்னது கேலியா பாராட்டா என்று அறிந்துகொள்ளவே படிக்கத் தொடங்கினேன். என் ஆங்கிலத்துக்கு அந்நூல் எளிதாக இருக்கவில்லை. பாதி இடங்களில் அவளையே பொருள் கேட்க வேண்டியிருந்தது.

அது மேட் டினிமன் என்னும் அமெரிக்கர் 2020-இல் தாமே வெளியிட்ட 'டஞ்சன் கிராலர் கார்ல்' என்ற வரிசையின் முதல் நூல். ஒரு நொடியில் உலகத்துக் கட்டடங்கள் யாவும் தரைமட்டமாகின்றன. எஞ்சியோர் 18 அடுக்குகள் கொண்ட நிலவறைக்குள் இறங்கி, ஒவ்வோர் அடுக்காகக் கடந்து செல்ல வேண்டும். அவர்கள் சாவதையும் பிழைப்பதையும் விண்மீன் மண்டலத்து மக்களெல்லாம் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகப் பார்த்துக் களிக்கிறார்கள். நாயகனுக்குத் துணை ஒரு பூனை. இவையெல்லாம் கட்டுரையில் சொல்லப்பட்டவையே. கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்ட ஒன்று உண்டு: பூமி எதற்காகப் பறிமுதல் செய்யப்பட்டது என்பது. கனிம உரிமை தொடர்பாக உரிய காலத்துக்குள் முறையான மேல்முறையீடு செய்யப்படவில்லை என்ற காரணத்தின் பேரில், விதி எண், உட்பிரிவு எண் எல்லாம் குறிப்பிட்டு, உலகம் அழிந்த பிறகு மக்களுக்கு அறிவிக்கை வருகிறது. கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து கிளம்பும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நகைச்சுவைக்கு முன்னோடி உண்டு. டக்ளஸ் ஆடம்ஸ் 1978-இல் பி.பி.சி. வானொலிக்கு எழுதி, 1979-இல் நாவலாக வெளியிட்ட 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்ற கதையில், புறவழிச் சாலைக்காக ஒருவனது வீடு இடிக்கப்படவிருக்கும் அன்றே, விண்வெளி நெடுஞ்சாலைக்காகப் பூமியும் இடிக்கப்படுகிறது. ஆட்சேபணை தெரிவிக்கலாமா என்று மக்கள் கதறும்போது, வரைபடங்கள் ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் 50 ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன என்று பதில் வருகிறது. ஆல்ஃபா சென்டாரி இங்கிருந்து 4 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. நில எடுப்பு அறிவிக்கையைப் பட்டாதாரர் ஊரில் இல்லாத நாளில் பூட்டிய கதவில் ஒட்டி, இரு சாட்சிகளின் கையெழுத்தோடு 'ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது', அதாவது உரியவரிடம் சேர்ப்பித்தாயிற்று, என்று கோப்பில் பதிந்துவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால், அந்த இடத்தில் பேத்தியைவிட நான் சற்றுக் குறைவாகவே சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, இக்கதைகளில் சிரிப்பு மூட்டுவது துணுக்கோ கோமாளித்தனமோ என்று எண்ணினால் கணக்குத் தவறிவிடும். உயிர் போகும் தறுவாயில் இருப்பவனிடம் நிதானம் குலையாமல், இலக்கணப் பிழையில்லாமல், உணர்ச்சி சிறிதுமின்றிப் பேசும் ஓர் அமைப்பின் குரலே அதன் உயிர்நாடி. இத்தகைய குரல் தமிழுக்குப் புதிதாக இறக்குமதியாக வேண்டிய நிலையில் இல்லை. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்த நாள்தொட்டு, மூன்று தலைமுறை எழுத்தர்கள் சேர்ந்து செதுக்கிய நடை அது. "மேற்படி நபரின் இடது கால் இன்று பிற்பகல் முதல் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இதனால் ஏற்படும் இடர்ப்பாடுகள் குறித்து எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் நேர்வில், அடுத்த அடுக்கில் ஆவன செய்யப்படும்" என்று நிலவறை அறிவிக்கட்டும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் பென்னாகரத்து இளைஞன், "இருக்கிறதே ரெண்டு காலு, அதுல ஒண்ணுக்கு மனு எழுதணுமா?" என்று தன் வீட்டுப் பேச்சில் கேட்கட்டும். இரண்டு தமிழுக்கும் இடையிலுள்ள அந்த அகழியில்தான் நகைச்சுவை நிற்கிறது. ஒலிபெருக்கியும் இளைஞனும் ஒரே திரைப்பட வசன நடையில் பேசிவிட்டால், அகழி தூர்ந்துவிடும். கட்டுரையாளர் சொல்லும் மாற்றத்தில் நேரக்கூடியது அதுதான்.

நெஞ்சில் வருத்தத்தை வைத்துக்கொண்டு முகத்தை அசைக்காமல் சொல்வது எங்கள் மண்ணுக்குப் பழகிய கலையுங்கூட. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன; அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். விளையாடும் பிள்ளைகள் 'இன்வென்டரி' என்று சொல்லும் கையிருப்புப் பட்டியல் இரண்டை அருகருகே வைத்து, பளபளப்பான பட்டியலே தோற்கும் பட்டியல் என்று ஒரு சுடுசொல் இல்லாமல் காட்டிவிட்ட பாட்டு அது. நெடுநாள் வாழ வைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அதியமான் ஈந்ததை, பேத்தி தன் மொழியில், "எக்ஸ்ட்ரா லைஃபைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துட்டாரு" என்றாள். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களையும் இங்கு நினைவுகூரலாம். இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாரின் சேவகன், தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான், அவன் கல் என்ற அளவில் முடிந்துவிடும் நடுகல் வாசகத்தைவிடச் சுருக்கமான இறப்பு அறிவிக்கையை எந்த விளையாட்டும் தந்துவிட முடியாது. நாயகனுக்குப் பூனை துணையாக வருவதைச் சிறுபிள்ளைத்தனம் என்கிறார் கட்டுரையாளர். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், வீரனின் பக்கத்தில் நின்று கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் வெட்டப்பட்டுள்ளன. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ் வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தார்களே, அப்போது யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி எண்களைப் பற்றி. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பகடை விளையாட்டிலிருந்து வந்தவை இந்த உயிர்ப் புள்ளிகள். 1980-இல் வந்த 'ரோக்' என்ற கணினி விளையாட்டு, நிலவறையை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைத்து, செத்தால் செத்ததுதான் என்ற கண்டிப்பையும் சேர்த்தது. அவற்றின் எண்களை அப்படியே காகிதத்தில் கொட்டி, இரண்டு பக்கத்துக்குக் கையிருப்புக் கணக்கு எழுதி நிரப்பும் நாவல்கள் உண்டு என்பதையும், அவை கிராமப் பயிர்க்கணக்கான அடங்கல் பதிவேட்டைவிடச் சுவையற்றவை என்பதையும் நான் மறுக்கவில்லை. அடங்கலில் பயிரின் பெயராவது இருக்கும். பேத்தி கொடுத்தவற்றில் இரண்டை அதனாலேயே பாதியில் மூடிவிட்டேன். ஆனால் எண்ணில் கதை இல்லை என்று சொல்வதை எங்கள் மாவட்டத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்ற ஒரு வரியைக் காலையில் நாளிதழில் பார்த்தே, ஒகேனக்கல்லில் இன்று பரிசல் ஓடுமா, மீன் வறுக்கும் பெண்களுக்கு வியாபாரம் உண்டா, மசாஜ் தொழிலாளி வீட்டில் உலை வைப்பார்களா என்பதையெல்லாம் அறிந்துகொள்கிறவர்கள் நாங்கள். 52 அடி கொள்ளும் கிருஷ்ணகிரி அணை 50 அடியைத் தாண்டியது என்றால், தென்பெண்ணைக் கரையில் இருப்பவருக்கு அதற்குமேல் ஓர் உரிச்சொல் தேவைப்படாது. நல்ல நாவலில் வரும் எண்ணும் அப்படித்தான்: அது குறைந்தால் ஒருவன் வாழ்க்கையில் ஏதோ நின்றுபோக வேண்டும்.

இவ்வகை நூல்கள் பலவும் அளவுக்கு மீறி நீள்வதும், குருதியை வேடிக்கையாக்குவதும், பெண் பாத்திரங்களை ஒப்புக்கு வைத்திருப்பதும் உண்மையான குறைகள். கட்டுரையாளர் அவற்றை ஒரு பத்தியில் கடந்துவிட்டு, குறையல்லாத ஒன்றைத் திருத்தச் சொல்வதுதான் எனக்கு வியப்பாக உள்ளது.

தமிழில் இவ்வகை நாவல் எழுத முனையும் இளைஞர் எவரேனும் இருப்பின், பணிக்காலத்தில் நான் தொகுத்து வைத்த குறிப்பேடு ஒன்று என்னிடம் உள்ளது. காலதாமதத்துக்கு விளக்கம் கோருவது, விளக்கம் ஏற்புடையதாக இல்லை என்று தெரிவிப்பது, பொருண்மை இல்லையெனத் தள்ளுபடி செய்வது, தள்ளுபடி செய்ததை நினைவூட்டுவது என நேர்வுக்கு நேர்வு வாசகங்கள் ஏறத்தாழ 200 பக்கங்களில் கைப்பட எழுதப்பட்டுள்ளன. தங்கள் அலுவலகம் வழியாகக் கேட்பவருக்கு நகல் எடுத்து அனுப்பச் சித்தமாக இருக்கிறேன். கோரிக்கை எழுத்து மூலமாக இருத்தல் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வருவாய்த் துறை உதவியாளர், ஓய்வு,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.