கதவு மேல சாக்பீஸ்ல எழுதினது

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

போன்ல பேசும்போது நீ கேட்டியே, "அங்க ஜெர்மனில கோயிலெல்லாம் காலியா கிடக்காமே, நீ யாருக்குப் பூசை வைக்கிற"ன்னு, அன்னிக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியல, அதான் உட்கார்ந்து எழுதுறேன். இன்னிக்கு குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூணு ராஜாக்களோட திருநாள். நான் இருக்கிற பவேரியா மாநிலத்துல இது அரசு லீவு. காலையில ரெண்டு கிராமத்துல பூசை முடிச்சு வந்து டிவிய போட்டா ரோம்ல திருத்தந்தை லியோ, ஜூபிலி ஆண்டுக்குன்னு மட்டும் திறந்து வைக்கிற புனிதக் கதவை மூடிட்டாரு. 2024 டிசம்பர் 24 ராத்திரி வீல்சேர்ல வந்து அதைத் திறந்தவர் திருத்தந்தை பிரான்சிஸ், போன வருஷம் ஈஸ்டர் அன்னிக்கு ஜனங்களுக்கு ஆசீர் குடுத்துட்டு மறுநாள் காலையிலயே இறந்துபோயிட்டாரு. மனசு கனமாத்தான் இருந்துச்சு.

சரி, உன் கேள்விக்கு வரேன். எனக்கு இங்க நாலு கிராமம், நாலு கோயில். ஞாயித்துக்கிழமை ஒரு கோயில்ல நாப்பது பேர் வந்தா நல்ல கூட்டம்னு சொல்லணும், அதுலயும் பாதி பேருக்கு எழுபது வயசுக்கு மேல. இந்த நாட்டுல கத்தோலிக்கர்னு பதிஞ்சிருந்தா வருமான வரியோட சேர்த்து சர்ச் வரியும் பிடிச்சிருவாங்க, பவேரியால அது வருமான வரியில 8 சதவீதம். வேணாம்னா பிறப்பு இறப்பு பதியுற ஆபீசுக்குப் போயி, நான் சபையை விட்டு விலகுறேன்னு சொல்லி கையெழுத்து போட்டுரலாம். 2022ல மட்டும் 5 லட்சத்து 22 ஆயிரம் கத்தோலிக்கர் அப்படி கையெழுத்து போட்டாங்க, 2024லயும் 3 லட்சத்து 21 ஆயிரம் பேர்.

அந்தத் தகவல் கடைசியில என் மேசைக்குத்தான் வரும் அக்கா. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து அவங்க பேருக்குப் பக்கத்துல, இன்ன தேதியில விலகிட்டார்னு குறிப்பு எழுதணும். போன மார்ச்ல ஒருத்தர் பேர் வந்துச்சு. பதிவேட்டுல 1961ம் வருஷப் பக்கம், அப்போ இருந்த பங்குச்சாமியார் மை பேனாவுல அழகா சாய்ச்சு எழுதியிருக்காரு, குழந்தை பேரு, அப்பா அம்மா பேரு, ஞானத்தாய் பேரு. அதுக்குப் பக்கத்துல என் கையால எழுதறப்போ ஒரு ஜெபம் கூட வாயில வரல. ஞானஸ்நானம் அழியாத முத்திரைன்னு செமினரில படிச்சதுதான், ஆனா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா அது பரீட்சைக்குப் படிச்ச மாதிரி இல்ல.

விலகினவங்களுக்கு வழக்கமா எழுதுற மாதிரி அவருக்கும் ஒரு லெட்டர் போட்டேன். பதில் வந்துச்சு, ரெண்டே வரி. கடவுளை விடல, பிள்ளைங்களுக்கு நடந்ததை மூடி மறைச்சவங்களுக்கு என் காசு போறதைத்தான் நிறுத்தினேன்னு. என்னத்த சொல்ல. சாமியார்கள் பிள்ளைங்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணினது பத்தி இங்க உள்ள ஆயர்களே கேட்டு வாங்கின ஆய்வு 2018ல வெளிய வந்துச்சு, 1946ல இருந்து 2014 வரைக்கும் உள்ள ஃபைல்களைப் பார்த்ததுல பாதிக்கப்பட்டது 3,677 பிள்ளைங்க, குற்றம் சாட்டப்பட்டது 1,670 குருக்கள் துறவிகள். ஃபைல்ல ஏறினது மட்டும் அவ்வளவு. அதைப் படிச்ச பிறகு "ஏன் போனீங்க"ன்னு கேக்க எனக்கு வாய் வரல, நானும் அதே அங்கியைத்தானே போட்டுக்கிட்டு நிக்கிறேன். சபைக்கு எதிரா சதி, மீடியா ஊதிப் பெருசாக்குதுன்னு சொல்ற சாமியார்களைப் பார்த்தா எனக்குக் கோவம் கோவமா வருது.

இன்னிக்கு மத்தியானம் பிள்ளைங்களோட வீடு வீடா போனேன். இங்க மூணு ராஜா வேஷம் போட்டு குச்சில நட்சத்திரம் கட்டி பாடிக்கிட்டு வருவாங்க, நாடு முழுக்க 1959ல இருந்து இதை சேர்ந்து நடத்துறாங்க, வர்ற காசு உலகம் பூரா கஷ்டப்படுற பிள்ளைங்களுக்குப் போகும், இந்த வருஷம் குழந்தைத் தொழிலாளர் பத்தித்தான் பேச்சு. கம்பளித் தொப்பி மேல காகிதக் கிரீடம், ஒரு பொண்ணு கையில தூபக்கலசம், மூக்கெல்லாம் செவந்து கிடக்கு. கதவு மேல சாக்பீஸ்ல வருஷத்தையும் நடுவுல சி, எம், பின்னு மூணு எழுத்தையும் எழுதுவாங்க, கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்னு லத்தீன்ல அர்த்தம்.

அந்த மனுஷர் வீடு வந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பெல்லை அடிச்சிட்டாங்க, எனக்குத்தான் நெஞ்சு படபடன்னு. கதவைத் திறந்தாரு. என்னைப் பார்த்தாரு, தலையை மட்டும் ஆட்டினாரு. பிள்ளைங்க பாடி முடிக்கிற வரைக்கும் வெறும் சட்டையோட அந்தக் குளிர்ல நின்னாரு. நிலை உயரமா இருந்ததால உள்ள போயி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு அந்தப் பொண்ணு விழாம பிடிச்சுக்கிட்டாரு. நிமிர்ந்து பார்த்தா போன வருஷம் எழுதினது அப்படியே இருக்கு அக்கா, அழிக்கவே இல்ல. அவரே எக்கி கட்டைவிரலால அந்த 5 ஐ மட்டும் தேய்ச்சாரு, பொண்ணு அங்க 6 போட்டா. "நீங்க வராம போயிருவீங்களோன்னு நெனச்சேன்"னு பிள்ளைங்களைப் பார்த்துத்தான் சொன்னாரு.

325ல, இப்போ துருக்கில இருக்கிற நிசேயாவுல கூடின ஆயர்கள் எழுதின விசுவாசப்பிரமாணத்துக்கு போன வருஷம் 1700 வருஷம் ஆச்சு, திருத்தந்தை லியோ நவம்பர்ல அந்த இடத்துக்கே போயி ஆர்த்தடாக்ஸ் சபையோட பர்த்தலமேயு பிதாப்பிதாவோட சேர்ந்து ஜெபிச்சாரு. மூலத்துல அது "விசுவசிக்கிறேன்"னு ஆரம்பிக்காது, "விசுவசிக்கிறோம்"னுதான் ஆரம்பிக்கும். அந்த "றோம்"க்குள்ள இந்த மனுஷர் இருக்காருன்னு நான் நம்புறேன், பதிவேட்டுல நான் என்ன எழுதியிருந்தாலும். இதை ஆயர்கிட்ட சொன்னா சட்டப்படி எப்படின்னு கேப்பாரு, கேக்கட்டும்.

நாளைக்கு மூணாவது கிராமத்துல ஒரு அடக்கம் இருக்கு, தினமும் பூசைக்கு வர்ற பாட்டி, என் ஜெர்மன் உச்சரிப்பை பூசை முடிஞ்சு தனியா கூப்பிட்டுத் திருத்துவாங்க. அவங்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்லு. அத்தானைக் கேட்டதா சொல்லு. சாக்பீஸ் இன்னும் கோட்டுப் பையிலதான் கிடக்கு, கையெல்லாம் வெள்ளை.

உன் தம்பி