சல்லடையைச் சாத்தி வைத்துவிட்டுப் போன தம்பிக்கு

காய்ந்த கோரைக்கிழங்கின் கடைசி மூட்டையை நேற்று சாயங்காலம் எரித்து முடித்தோம். அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, அது சாம்பலாகிற வரைக்கும் பார்த்தபடி இருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் சொல்லிட்டியா கண்ணு?" என்றார். இன்னும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

கார்த்திகையிலிருந்து எங்கள் வீடு பட்டது பனமரத்துப்பட்டி பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அப்பா எழுந்து நடக்கிறார், அது போதும். மாசியில் நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது காட்டை அடையாளமே தெரியவில்லை. அரளி வரிசைகளுக்கு நடுவில், மாட்டுக்கென்று விட்டிருந்த கொழுக்கட்டைப்புல் தரையில், வீட்டுக் கொல்லையில், எங்கு பார்த்தாலும் கோரை. பாய் முடைகிற கோரை வேறு, அது பிழைப்புத் தருவது. இது கிழங்குக் கோரை. பார்த்தால் புல் மாதிரி இருக்கும், தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டுப்படும். அருகம்புல்லை மாடு ஆசையாக மேயும். முற்றிய கோரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அரளிக்குள் வெட்டியதையோ மாட்டுக்குப் போடவே முடியாது. ஒரு அரளி இலை கலந்து போனாலும் ஆபத்து.

அவசரத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரை விட்டு ஓட்டி, தண்ணீரும் பாய்ச்சிவிட்டேன். அன்று மண் மாவு மாதிரி இருந்தது, மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. பதினைந்தே நாளில் முன்பிருந்ததைவிட நெருக்கமாக முளைத்து நின்றது. மண்ணுக்கடியில் கிழங்குகள் மணி கோத்த மாதிரி ஒன்றோடொன்று தொடர்ந்து போகின்றன. ரோட்டவேட்டர் அந்தக் கோவையைத் துண்டு துண்டாக வெட்டிக் காடெல்லாம் விதைத்துவிட்டது. தொடராக இருக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்குகூட, தனியாகப் பிரிந்ததும் முளைவிடுமாம். 1977-இல் உலகத்துக் களைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் இந்தக் கோரைக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். 92 நாடுகளில் 52 பயிர்களுக்குள் இது புகுந்திருந்ததாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மாவும் நானும் கொல்லையில் உட்கார்ந்து களைக்கொத்தால் ஒவ்வொரு கிழங்காகத் தோண்டினோம். மேலே பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கிவிடும். ஒரு கிழங்கில் பல கண்கள் இருப்பதால் ஒன்று போனாலும் இன்னொன்று முளைக்கும். மூன்று நாளில் ஒரு கட்டில் அளவு இடம்கூட முடியவில்லை. மூன்றாம் நாள் அம்மா கொத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள்.

மறுநாள் காலையில் எங்கள் படலில் ஒரு சல்லடை சாய்ந்து நின்றது. மணல் சலிக்கிற பெரிய சல்லடை, மரச்சட்டம் போட்டது. பக்கத்தில் ஆளைக் காணோம். யாரோ இடம் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்தேன். சாயங்காலம் ஒரு தம்பி டிவிஎஸ் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "மண்ணு காஞ்சுதானே கெடக்குது, கொத்தி இதுல போடுங்கக்கா. மண்ணு கீழ போயிரும், கெழங்கு மேல நிக்கும்." கொத்தனார் அவர். பக்கத்தில் நடக்கிற ஒரு வீட்டு வேலைக்குத் தினமும் எங்கள் வழியாகத்தான் போய் வந்திருக்கிறார். அதற்கு முன் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "வேலைக்கு வேணுமே தம்பி?" என்று கேட்டேன். "சும்மாதான்க்கா கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் செம்மண் வெயிலில் காய்ந்து பொலபொலவென்று இருந்ததால் நன்றாகச் சலிந்தது. ஈரக் களிமண்ணில் இது நடந்திருக்காது. ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டினோம், கட்டியை உடைத்தோம், சல்லடையில் வீசினோம். கிழங்குகள் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்தான் கிடந்தன. கறுப்புக் கறுப்பாக அவை சல்லடை மேல் தங்கியதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! முதல் நாளே அரை மூட்டை. அன்று ராத்திரி அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பதினொரு நாளில் கொல்லையும் அரளி நாற்று வைக்கிற இடமும் முடிந்தன.

பத்தாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. அந்தத் தம்பியிடம் சித்தாளாக இருக்கும் அக்கா தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னார். அங்கே பூச்சு வேலை நடக்கிறதாம். இவர் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து இன்னொரு கொத்தனார் வேலை செய்கிற இடத்துக்குப் போய், அவர் வருவதற்குள் அவருடைய சல்லடையில் மணல் சலித்து, சாக்கில் கட்டி வண்டியில் கொண்டு வந்திருக்கிறார். பத்து நாளும் இப்படித்தான். பூச்சு வேலைக்குச் சல்லடை இல்லாமல் கொத்தனாருக்கு ஒரு நாளும் ஓடாது என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் நிறுத்திக் கேட்டேன். சிரித்தார். ஒரு சொம்பு மோர் குடித்தார். காசை வாங்கவே இல்லை. பேரும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களையும் நினைக்காமல் முடியாது. நாங்கள் இல்லாத நாட்களில் விடியற்காலையில் அரளி மொட்டுப் பறித்து, சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி, பணத்தைக் கணக்கோடு கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் காட்டுப் பெண்கள், மாடு ரெண்டையும் தன் கட்டுத்தரையில் வைத்துக்கொண்ட பெரியம்மா, டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கொக்கிக் கலப்பையால் மூன்று தடவை கோடை உழவு ஓட்டிய மாமா எல்லோருக்கும் நன்றி. கொக்கிக் கலப்பை கிழங்கை நறுக்காமல் கிளறி மேலே போடும், மிச்சத்தைப் பங்குனி வெயில் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித் தந்ததும் மாமாதான். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை அடிக்கலாமா என்று நான் கேட்டபோது, அதை அடிப்பதற்கு 2022-இல் வந்த கட்டுப்பாட்டை எடுத்துச் சொல்லி, தூங்குகிற கிழங்கை அந்த மருந்து கொல்லாது என்றும் புரியவைத்து, விற்காமல் திருப்பி அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

இனி வெளியிலிருந்து வருகிற எருவைக் கிளறிப் பார்க்காமல் காட்டில் கொட்ட மாட்டேன். எந்தக் கலப்பையும் கொழுவைக் கழுவாமல் எங்கள் வரப்பைத் தாண்டாது. புல்தரையில் மழை விழுந்ததும் தட்டைப்பயறை நெருக்கமாக விதைக்கப் போகிறோம். கோரைக்கு நிழல் ஆகாது. அது அடங்கிய பிறகுதான் கொழுக்கட்டைப்புல்.

தம்பி, உங்கள் சல்லடையில் ஒரு மூலை கிழிந்திருந்தது. புது வலை அடித்து வைத்திருக்கிறோம், நாளைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கண்ணுக்குத் தப்பிய கிழங்குகள் முதல் மழைக்கு எப்படியும் முளைக்கும். மண் காய்ந்ததும் மறுபடி உங்களிடம்தான் கேட்பேன். அப்போதாவது, சும்மா கிடக்கிறதா இல்லையா என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.