ஜீப் வாடகையை மறைக்காதீர்கள்: சேலம், ஏற்காடு சிறு அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அறங்காவலர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நிறுவனங்கள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்குப் போகும் விண்ணப்பங்களில் உருக்கமான முன்னுரை பல நாள் எழுதப்படுகிறது. பட்ஜெட் கடைசி இரவில் போடப்படுகிறது. தயவுசெய்து பட்ஜெட்டை முதலில் எழுதுங்கள், ஆகும் செலவை முழுதாக எழுதுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஏற்காடு மலையில் மூன்று ஊர்கள், 60 பிள்ளைகள், பத்து மாதம் மாலைப் படிப்பு மையம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மூவருக்கு மாதம் ரூ.6,000 வீதம் 1,80,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு 1,00,000. நோட்டுப் புத்தகம் 30,000, சோலார் விளக்கு 12,000. பலர் இங்கேயே கோடு போட்டு 3,22,000 என்று முடித்துவிடுகிறார்கள். மாதம் இரண்டு நடை ஜீப், நடைக்கு 2,000 என்றால் 40,000. ஆடிட்டருக்கும் கணக்கு எழுதவும் 15,000. உண்மையான தொகை 3,77,000, பிள்ளைக்கு ரூ.6,283. விட்டுப்போன 55,000 எங்கிருந்து வரும்? ஆசிரியர் சம்பளத்திலிருந்துதான். ஆறாம் மாதம் சம்பளம் தள்ளிப்போகும், ஏழாம் மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மலையூரில் படித்த ஒருவரை மறுபடி தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பின் பயத்தில்தான் ஜீப்பை மறைக்கிறார்கள். அந்த வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். வேலையை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கு உரியது. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ஆகவே அந்த வரிக்கு ‘போக்குவரத்து’ என்று பெயரிடாமல், ‘கள ஆய்வு: 20 நடை’ என்று எழுதுங்கள்.

காகிதங்களில் அதிகம் இடறுவது பெயர். பத்திரத்தில் ‘அறக்கட்டளை’, பான் அட்டையில் ‘டிரஸ்ட்’, வங்கியில் தலைப்பெழுத்து மாற்றம் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள் காலாவதியாக ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். பொதுவாக அவை இருந்தால்தான், சி.எஸ்.ஆர். நிதி பெறும் அமைப்பாகப் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட முடியும். 2021 ஏப்ரல் முதல், அந்தப் படிவத்தால் கிடைக்கும் பதிவு எண் கட்டாயம். படிவத்தில் ஆடிட்டர் போன்ற தொழில்முறை வல்லுநர் ஒருவரின் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். அதே மாதிரிப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். தையல் பயிற்சி நடத்திய அமைப்பு திடீரென்று குடிநீர்த் திட்டத்துக்குக் கேட்டால் கிடைக்காது.

தேவையை எழுதும்போது ‘பின்தங்கிய மக்கள்’ என்ற சொல்லை விடுங்கள். பள்ளி எத்தனை கிலோமீட்டர், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். பத்து மாதம் கழித்து அதே பாடத்தை வாசிக்கச் சொல்லி அளந்தால் அதுதான் உங்கள் பலன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறையும் என்பதையும் கால அட்டவணையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஜனவரி அறிக்கையில் அது உங்கள் குறையாகத் தெரியும்.

முதல் தவணை வந்த அன்றே அந்தத் திட்டத்துக்குத் தனி லெட்ஜர் தொடங்குங்கள். ஜீப் வவுச்சரில் தேதி, வண்டி எண், போய்வந்த ஊர், ஓட்டுநர் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். பணம் திட்டத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுப்பது பெரும்பாலும் இந்த வவுச்சர்களால்தான். அது தாமதமானால் இரண்டாம் தவணையும் நிற்கும். மார்ச் மாதம் தாண்டிவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது இன்னும் சிரமம்.

இப்படிக்கு,
சிறு அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுவோர்,
சேலம்