2020இன் இரண்டு படங்களைத் திரையில் காட்டுங்கள்

சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். கொவிட்-19 பரவலால் 2020 மார்ச் இறுதியில் மூடப்பட்ட நம் சிங்கப்பூர்த் திரையரங்குகள், அரங்கிற்கு 50 பேர் என்ற வரம்புடன் ஜூலை 13ஆம் தேதி மீண்டும் திறந்தன. அதற்குள், மே 29 அன்று வெளியான ‘பொன்மகள் வந்தாள்’ காட்டிய வழியில் தமிழ்ப் படங்கள் பலவும் இணையத்திற்குப் போகத் தொடங்கிவிட்டன. அவ்வாண்டின் நல்ல படங்கள் கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றுள் இரண்டையாவது மன்ற அரங்குகளில் திரையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

‘அந்தகாரம்’ எனக்குப் பிடித்திருந்தது. ‘பாவக் கதைகள்’ குறும்படத் தொகுப்பில் வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’ பல நாள் உறங்கவிடவில்லை. ஆயினும் என் தேர்வில் முதலிடம், அக்டோபர் 2 அன்று வெளியான விருமாண்டியின் ‘க/பெ ரணசிங்கம்’ படத்திற்கே. வளைகுடா நாட்டில் இறந்த கணவனின் உடலை ஊருக்குக் கொண்டுவர, இராமநாதபுரத்துப் பெண் அரியநாச்சி அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். நீளம் கூடுதல்தான், வசனம் சில இடங்களில் மேடைப் பேச்சாகிறது என்பதும் உண்மைதான். ஆனால் கையில் மனுவோடு காத்திருக்கும் ஐஸ்வர்யா ராஜேஷின் முகத்தைப் பார்த்தபின் அந்தக் குறைகளைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையிடத்திற்கும் விடுதிக்கும் அப்பால் நம் வெளிநாட்டு ஊழியர்கள் செல்ல முடியாதிருந்த நாள்களில், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் விடுதியின் மேல்கட்டிலில் படுத்தபடி இப்படத்தைப் பார்த்தார். “பாதியில நிறுத்திட்டு வீட்டுக்குப் போன் போட்டேண்ணே” என்றார்.

அடுத்தது, சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’. அது பின்னாளில் ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. நான் அதைத் தேர்ந்தெடுக்கும் காரணம் வேறு. அவ்வாண்டு ஆகஸ்டில் என் பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கம் காலமானார். போக வழியில்லை. அப்பா குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் மைலோ டின்மீது சாய்த்துவைத்த கைப்பேசியின் முன் அமர்ந்து தம் அண்ணனின் இறுதிச் சடங்கைப் பார்த்தார். இணைப்பு இருமுறை அறுந்தது. நவம்பரில் அதே மேசையில், அதே கைப்பேசியில் இப்படம் ஓடியது. சாகக் கிடக்கும் தந்தையைப் பார்க்க, விமானச்சீட்டுக்குப் பணம் போதாமல் கதைநாயகன் மாறன் விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சி வந்ததும், அப்பா எழுந்து சமையலறைக்குச் சென்றுவிட்டார். படத்தின் மீதியை அவர் இன்றுவரை பார்க்கவில்லை.

திரையிடும் உரிமை, தணிக்கை அனுமதி ஆகியவற்றுக்குச் செலவும் அலைச்சலும் உண்டு என்பதை அறிவேன். இருப்பினும் தீபாவளி விருந்துகளுக்கும் கலைநிகழ்ச்சிகளுக்கும் ஆண்டுதோறும் உழைக்கும் உங்களால் இதுவும் இயலும் என்று நம்புகிறேன். ஊழியர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலாகத் தேர்ந்தெடுங்கள். ‘க/பெ ரணசிங்கம்’ திரையிடும் நாளில் முன்வரிசைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள். ‘சூரரைப் போற்று’ திரையிடும் நாளில் நான் அப்பாவை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவர்