படுதாவை நம்பாதே, தம்பி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் தங்கையும் நலம். வாடைக் காற்று பிடித்துவிட்டதால் படகுகள் கரையில் கிடக்கின்றன. வாலிநோக்கம் உப்பளத்திலும் மழைநீர் நிற்கிறது. மற்ற செய்திகளைத் தங்கை போனில் சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது உன் வண்டியில் ஏற்றும் பாரத்தைப் பற்றி.

நீ ஜெர்மனிக்குப் போன புதிதில் அனுப்பிய பாரம் கட்டும் கையேட்டைத் தங்கை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சில வாரங்களாக அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இங்கே உப்பு மூட்டை ஏற்றும்போது இரண்டு பக்கமும் பலகை நிற்கிறது. மேலே படுதா விரித்துக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறோம். படுதா மழைக்கு, கயிறு பாரத்துக்கு என்பது நேற்று வேலைக்கு வந்த லோடுமேனுக்கும் தெரியும். உன் டிரெய்லரிலோ படுதாவே பக்கச் சுவராகத் தொங்குகிறது. கீழே கொக்கிகளை மாட்டி இறுக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது மூடிய பெட்டியாகத் தெரிகிறது. அந்தத் தோற்றம்தான் எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சரக்குக்கு அது சுவர் என்று ஓட்டுகிறவனும் நம்பத் தொடங்கிவிடுவான்.

பாரம் கட்டுவதற்கு ஜெர்மன் பொறியாளர் சங்கம் வகுத்த வி.டி.ஐ. 2700 என்ற வழிமுறையின் கணக்கு என் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிரேக்கை முழுதாக மிதித்தால் சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே தள்ளும். வளைவில் பக்கவாட்டிலும், பின்னோக்கியும் பத்தில் ஐந்து பங்கு. சரக்கு அடுக்கிய மரத்தட்டு, அதாவது பாலெட், ஒரு டன் என்றால், வேகமாகத் திரும்பும் ஒரு கடுமையான திருப்பத்தில் அது 500 கிலோ விசையோடு படுதாவின் மேல் சாயக்கூடும். சாதாரணப் படுதா அதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதே அல்ல.

உன் டிரெய்லர், வண்டிச் சுவர்களின் பலத்துக்கான இ.என். 12642 என்ற ஐரோப்பியத் தரத்தில், கூடுதல் பலம் என்பதற்கான எக்ஸ்.எல். சான்று பெற்றது என்று நீ பெருமையாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஏற்றக்கூடிய மொத்தப் பாரத்தில் முன்சுவர் 50 சதவீதம், பக்கம் 40 சதவீதம், பின்கதவு 30 சதவீதம் தாங்கும் என்பது அந்தச் சான்றின் பொருள். பக்கவாட்டில் வேண்டியது 50, சுவர் தருவது 40. மீதிப் பத்தைத் தரையின் உராய்வு தர வேண்டும். முன்னோக்கி வேண்டியது 80, முன்சுவர் தருவது 50. மீதி முப்பதையும் அதே தரைதான் தர வேண்டும். தரையில் எண்ணெய், மண், உறைபனி ஏதாவது இருந்தால் அந்தப் பங்கு போய்விடுகிறது. மேலும், சான்றில் சொன்னபடி குறுக்குச் சட்டங்கள் எல்லாம் தூண்களுக்கிடையே மாட்டப்பட்டு, சரக்கு முன்சுவரிலிருந்து பின்கதவு வரை இடைவெளியில்லாமல் நெருக்கமாக நின்றால்தான் அந்தக் கணக்கே பொருந்தும். பாதி இறக்கிய பிறகு மீதிப் பாலெட்டுகள் நடுவில் தனியாக நிற்கும்போது எக்ஸ்.எல். என்ற எழுத்து உன்னைக் காப்பாற்றாது. இரண்டாவது இடத்தில் இறக்கிவிட்டுப் புறப்படும்போது நீ திரும்பக் கட்டுகிறாயா என்பதுதான் என் கவலை. இறக்குமிடத்தில் அவசரப்படுத்துவார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய்.

சரக்கைக் கட்டும் பட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீல அடையாளச் சீட்டில் எல்.சி. என்பதற்கு நேராக 2500 என்று இருந்தால், நேராக இழுக்கும்போது அந்தப் பட்டை தாங்கக்கூடிய விசை அது, ஏறக்குறைய கிலோ கணக்கில். சரக்கின் மேலே போட்டு, ராட்செட் என்ற கைப்பிடி இறுக்கியால் இறுக்கும்போது அவ்வளவு விசை அதில் ஏறுவதில்லை. அதை எஸ்.டி.எஃப். என்ற எண்தான் சொல்கிறது; ஒருவன் கைப்பிடியை 50 கிலோ விசையோடு இழுத்தால் பட்டையில் ஏறும் இறுக்கம் அது. சாதாரண ராட்செட்டில் அது 300 கிலோ அளவில்தான் இருக்கும். அதிலும் பட்டை தரைக்குச் செங்குத்தாக இறங்கினால்தான் முழு அமுக்கம் கிடைக்கும். தரையோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்து போனால் பாதிதான். உயரம் குறைந்த பாலெட்டின் மேல் ஒரே ஒரு பட்டையைப் போட்டுவிட்டுக் கட்டியாயிற்று என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரிகிறது. கூரையிலிருந்து தொங்கும் உள்பட்டைகள் லேசான பெட்டிகள் சாயாமல் பிடிக்கத்தான். டன் கணக்கான சரக்குக்கு, டிரெய்லரின் அடிச்சட்டத்தில் கொக்கி மாட்டித்தான் கட்ட வேண்டும். நம் வீட்டில் பானைக்கு அடியில் பிரிமணை வைப்பதுபோல, பாலெட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பை வை. வெறும் பலகையில் 0.3 கூடத் தேறாத உராய்வு, அந்த விரிப்பில் 0.6 வரை போகிறது. ஒரு டன் பாலெட் முன்னே தள்ளும் 800 கிலோவில் 600 கிலோவை விரிப்பே பிடித்துக்கொள்ளுமானால், பட்டைக்கு மீதி 200 கிலோதான். இவ்வளவு மலிவான பொருளை வாங்கித் தர முதலாளி தயங்கினால், உன் பணத்திலேயே வாங்கிக்கொள். வீட்டுக்கு அனுப்பும் தொகையில் குறைத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஏற்றுவது கிடங்குக்காரர்களின் வேலை, ஓட்டுவதுதான் உன் வேலை என்று முன்பு நீ சொன்னபோது நான் பதில் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அந்த நாட்டுச் சாலை விதியின் 22ஆம் பிரிவு, முழுப் பிரேக் போட்டாலும் திடீரென ஒதுங்கினாலும் சரக்கு நகரவோ கவிழவோ உருளவோ கூடாது என்கிறது. ஏற்றியவருக்கு இருக்கும் பொறுப்பு ஓட்டுகிறவனுக்கும் இருக்கிறது. நாற்பது டன் வண்டியை என் மகன் மலைச்சாலையில் ஓட்டுகிறான் என்று சாயல்குடி கடைத்தெருவில் கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மகன் தன் வண்டிக்குள் என்ன இருக்கிறது, எப்படி நிற்கிறது என்று பாராமல் கையெழுத்துப் போட்டுப் புறப்படுகிறவனாக இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட, படுதாவைத் திறக்கும் நேரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஓடும்போது சாய்ந்த பாலெட் சில சமயம் படுதாவின் மேல் சாய்ந்தபடியே ஊர் வந்து சேரும். கொக்கியைத் தளர்த்தும்வரை அது விழாது. தளர்த்தியதும் தளர்த்தியவன் மேலேதான் விழும். ஆகவே திறக்குமுன் வண்டியின் இரண்டு பக்கமும் நடந்து பார். எங்காவது படுதா வெளியே பிதுங்கியிருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாதே. எதிர்ப்பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்து, ஃபோர்க்லிப்ட் கொண்டுவந்து சரக்கைத் தாங்கிப் பிடிக்கச் செய்த பிறகே மற்றதைச் செய். அவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காத்திரு. உன் சித்தப்பாவுக்குக் கமுதியில் கரி மூட்டை இறக்கும்போது நடந்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. அன்றும் அவிழ்த்த கயிறு ஒன்றுதான்.

போன ஞாயிறு நீ வீடியோவில் பேசியபோது டம்ளரை இடது கையால் பிடித்திருந்தாய் என்று அம்மா சொன்னாள். அங்கே குளிர், வலது கையைப் போர்வைக்குள் வைத்திருப்பான் என்று நான் அவளுக்குச் சொல்லிவைத்தேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை. விடுப்பில் இருக்கிறாயா, வண்டியில் இருக்கிறாயா என்று தங்கை கேட்டதற்கும் நீ பேச்சை மாற்றிவிட்டாய் என்கிறாள். சொல்ல வேண்டியதை எப்போது சொல்வது என்பது உன் விருப்பம். ஆனால் வருத்தப்படுவோம் என்று எண்ணி நீ மறைத்தால், இங்கே இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு வருத்தப்பட வேண்டியிருக்கிறது.

காற்றையும் மறந்துவிடாதே. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். காலி டிரெய்லரின் இரண்டு பக்கமும் படுதா மூடியிருந்தால் அவ்வளவு பெரிய பரப்பின் மேலும் காற்று முட்டும். எடையும் இல்லாதபோது வண்டி கவிழ அது போதும். பலத்த காற்று என்று அறிவித்தால் ஒதுங்கி நின்றுவிடு. படுதாவைக் காற்றில் திறக்க நேர்ந்தால் அதன் உருளைக் கம்பி வீசும் பக்கத்தில் நிற்காதே. புறப்பட்டுச் சில கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார், குலுங்கியதில் தளர்ந்திருக்கும். திறக்குமுன் படுதாவைப் பார். இதை மட்டுமாவது எனக்காகச் செய்.

ராட்செட்டை இறுக்கும் முறை படத்தைப் பார்த்தும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு பேசும்போது போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, பட்டையைக் கோத்து, இரண்டு கையாலும் இறுக்கி எனக்குக் காட்டு. அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா